பாதி டியூவில் வண்டியைக் கைமாற்றும் தம்பிகளுக்கு

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதை நம்பி இப்போதே தாராசுரம், திருவலஞ்சுழி, வலங்கைமான் பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராகச் சுவாமிமலைக்கு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, கார் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். 2004 மார்ச்சில் வந்த மகாமகத்தையும், 2016 பிப்ரவரியில் வந்ததையும் நான் ஸ்டியரிங் பிடித்தபடியே பார்த்தவன். கூட்டம் பத்து நாளில் கலைந்துவிடும். டியூ அறுபது மாதம் நிற்கும். நம் சுவாமிநாத சுவாமி கோயில் படியும் அறுபதுதான், பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுக்கு ஒரு படி. அந்தப் படியில் பாதியில் மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம். டியூவில் உட்கார இடம் கிடையாது.

வண்டி எடுப்பது எப்படி என்று ஷோரூமில் நாற்காலி போட்டுச் சொல்லித்தருவார்கள். எடுத்த வண்டியைப் பாதியில் ஒழுங்காக இறக்கிவைப்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. முதலில் ஆர்.சி.யை எடுத்துப் படியுங்கள்.

உங்கள் பெயருக்குக் கீழே ஃபைனான்ஸ்காரர் பெயர் இருக்கும். அது எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். ஹைப்பாதிகேஷன் என்றால் வண்டி உங்களுடையது, கடன் தீரும்வரை அவர்களுக்கு அதன்மேல் பிடி உண்டு. லீஸ் என்றால் வண்டியே அவர்களுடையது, நீங்கள் மாத வாடகைக்கு வைத்திருப்பவர். நம் ஊரில் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "ஹெச்.பி." என்றே சொல்லிவிடுகிறோம். வெளியே வரும் வழி ஒவ்வொன்றிலும் வேறு.

லீஸ் வண்டி சென்னை, பெங்களூரில் ஐ.டி. கம்பெனி வேலையில் இருப்பவர்களிடம் அதிகம். கம்பெனி மூலமாக எடுத்திருப்பார்கள். வேலையை விட்டால் லீஸைப் புதிய கம்பெனிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் மிச்சத்தைக் கட்டி முடிக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் லீஸை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடுவது சாதாரணம் என்று சொல்வார்கள். அதற்கென்றே ஆள் சேர்த்துவிடும் நிறுவனங்கள் அங்கே உண்டு. ஆனால் அங்கேயும் சில லீஸ் நிறுவனங்கள், வண்டி கைமாறிய பிறகும் பழைய ஆளைக் கடைசி மாதம் வரை பொறுப்பிலிருந்து விடுவதில்லை. இலங்கையில் வண்டிக் கடன் என்றாலே "லீசிங்"தான். அங்கே பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பெனியின் பெயரே இருக்கும்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் தேவையில்லை. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், தன்னால் முடியவில்லை என்று பக்கத்துவீட்டுக்காரரிடம் உள்குத்தகைக்கு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உழுவது ஒருவர், பதிவேட்டில் பெயர் இன்னொருவர். வெள்ள நிவாரணம் வரும்போதுதான் சண்டை வரும். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், உடல் உழைப்பைப் போடாத வெறும் இடைநபரைக் குத்தகைதாரராகவே ஏற்பதில்லை. அந்த உள்குத்தகையை வயலில் எவ்வளவு பயத்தோடு பார்க்கிறோமோ, அதே பயத்தோடு வண்டியிலும் பாருங்கள்.

2. கணக்கைப் போடாமல் ஆளைத் தேடாதீர்கள்.

ஆறு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, அறுபது மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாத டியூ ஏறத்தாழ 12,750 ரூபாய். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். "பாதி முடிஞ்சிருச்சு" என்று மனம் சொல்லும். ஃபைனான்ஸ் ஆபீஸில் கேட்டால் அசல் பாக்கி இன்னும் 3,95,000 என்பார்கள். ஏமாற்று கிடையாது. கட்டியதில் ஒரு லட்சத்துக்கும் மேல் வட்டிக்குப் போயிருக்கிறது. தொடக்க மாதங்களில் வட்டியின் பங்கு அதிகம்.

இது குறையும் வட்டிக் கணக்கு. உள்ளூர் ஃபைனான்ஸில் ஃபிளாட் வட்டி 10 சதவீதம் என்று சொல்லியிருந்தால், அதே கடனுக்கு மாதம் 15,000 வரும். குறையும் வட்டிக்கு மாற்றிப் பார்த்தால் அது 17 சதவீதத்துக்கு மேல். எது உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

அடுத்து வண்டியின் விலை. இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி மதிப்பை முதல் ஆண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 20 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 30 சதவீதமும் கழிப்பார்கள். நவக்கிரக டிரிப் ஓடிய டி-போர்டு வண்டி என்றால் சந்தையில் அதைவிடக் குறையும், கிலோமீட்டர் பேசிவிடும். உங்கள் வண்டிக்கு 4,80,000 தருவேன் என்று ஒருவர் வந்தால், பாக்கி போக 85,000 மிச்சம். கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு 4 சதவீதம் கட்டணம் என்று ஒப்பந்தம் சொன்னால், ஜி.எஸ்.டி.யோடு ஏறத்தாழ 18,650 போகும். கையில் நிற்பது 66,000 சொச்சம். வண்டி விலை பாக்கியைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்தை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும். அதை முதல் நாளே தெரிந்துகொண்டால் மனம் உடையாது.

ஃபைனான்ஸ் ஆபீஸில் ஃபோர்குளோஷர் லெட்டர் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்லும் தொகையை வைத்து யாரிடமும் விலை பேசாதீர்கள்.

3. நேரான வழி மூன்றுதான்.

ஒன்று, கடனை முழுதாகக் கட்டி முடித்து என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை நீக்கிவிட்டு விற்பது. எல்லாவற்றிலும் சுத்தம் இதுதான், ஆனால் கையில் பணம் வேண்டும். இரண்டு, வாங்குகிறவர் தன் வங்கியில் பழைய வண்டிக் கடன் எடுத்து, அந்தப் பணம் நேராக உங்கள் ஃபைனான்ஸுக்குப் போய்க் கணக்கு முடிவது. மூன்று, உங்கள் ஃபைனான்ஸே புதிய ஆளின் வருமானம், சிபில் எல்லாம் பார்த்து, உங்கள் ஒப்பந்தத்தை முடித்து அவரோடு புது ஒப்பந்தம் போடுவது. இந்த மூன்றாவதைத்தான் "லோன் டிரான்ஸ்ஃபர்" என்கிறார்கள். எல்லா இடத்திலும் செய்து தர மாட்டார்கள். செய்யும் இடத்தில் கட்டணம் உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இதற்குத்தான் இடம் கொடுக்கிறது: பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது. அதற்குக் கடன் கொடுத்தவரும் சம்மதிக்க வேண்டும். நீங்களும் வாங்குகிறவரும் மட்டும் கைகுலுக்கினால் போதாது.

நம் பக்கத்தில் நாலாவதாக ஒன்று ஓடுகிறது. "கையில் எழுபது கொடு, மிச்ச டியூவை நீயே கட்டிக்கோ" என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிச் சாவியைக் கொடுப்பது. அதை நான் செய்தேன்.

4. சாவி கைமாறினால் வண்டி கைமாறிவிடாது.

2004 மகாமகத்துக்கு முன்னால் ஒரு சுமோ எடுத்தேன். மகாமகம் நன்றாகப் போனது. அந்த வருடம் மழைக்காலத்தில் டிரிப் இல்லை, மூத்தவளுக்குப் பள்ளிக் கட்டணம், அப்பாவுக்கு ஆபரேஷன். தெரிந்த ஒருவரிடம் பத்திரம் எழுதி வண்டியைக் கொடுத்தேன். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாலு டியூ கட்டினார். பிறகு நிறுத்தினார். எனக்கு நோட்டீஸ் வந்தது, அவரைத் தேடிப் போனால் வீடு பூட்டியிருந்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வண்டி யார் யாரிடமோ போய், ஓர் இரவில் சைக்கிளில் போன ஒரு கூலித்தொழிலாளியை இடித்துவிட்டது. அவருக்குக் கால் போயிற்று. இன்சூரன்ஸை யாரும் புதுப்பிக்கவில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் என் பெயருக்கு வந்தது. என் பத்திரத்தை நீட்டினேன். ஆர்.சி.யில் யார் பெயர் என்று மட்டும் கேட்டார்கள். என் மனைவியின் எட்டுப் பவுன் அந்த இழப்பீட்டுக்குப் போயிற்று. காலை இழந்தவருக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் முகத்தை நீதிமன்ற வராண்டாவில் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கார் அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது, பதிவுப் புத்தகத்தில் முதல் ஆள் பெயரே இருந்தது, 2009இல் நடந்த விபத்தில் ஓர் உயிர் போனது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் முடித்தது. வண்டியை விற்று ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன மனிதர் அவர்.

5. வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

புரோக்கர்கள் 29, 30 ஃபாரங்களைக் கொண்டுவந்து, பெயர், தேதி எதுவும் எழுதாமல், "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார்கள். அந்த ஃபாரம் வண்டியின் டேஷ்போர்டில் கிடந்து கை மாறிக்கொண்டே இருக்கும், பெயர் மட்டும் மாறாது. நல்ல புரோக்கர்களும் இருக்கிறார்கள், அவர்களோடுதான் நான் முப்பது வருடம் தொழில் செய்தேன். நல்லவர்கள் வெற்று ஃபாரம் கேட்க மாட்டார்கள்.

6. காகிதங்களை வரிசையாகச் செய்யுங்கள்.

கடன் முடிந்தால் ஃபைனான்ஸிடம் 35ஆம் ஃபாரமும் என்.ஓ.சி.யும் வாங்குங்கள். அந்த என்.ஓ.சி.க்குக் கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று மாதம். அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் திரும்பப் போய் நிற்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காருக்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது: கடன் முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் உள்ள பிடியையும் நீக்க வேண்டும். அவர்கள் பக்கம் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெரியாததால் பலர் கேட்பதில்லை.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் 29, வாங்குபவர் 30. விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. புதிய கடன் என்றால் 34ஆம் ஃபாரமும் சேரும். ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருக்கும்வரை அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்ற முடியாது. அது 51ஆம் பிரிவு. நம் வண்டி டி.என். 68, கும்பகோணத்து ஆபீஸ். வாங்குகிறவர் தஞ்சாவூர் 49 ஆளாக இருந்தாலும் நீங்களே கூடப் போங்கள். ஒரு நாள் டிரிப் போனாலும் பரவாயில்லை.

பெரிய பழைய கார் கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், அது அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட டீலரிடம் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்கு 29-சி ஃபாரத்தில் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆள் பெயருக்கு மாறும்வரை அந்த டீலர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். என் காலத்தில் இது இருந்திருந்தால் எட்டுப் பவுன் வீட்டில் இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று யார் சொன்னாலும், எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு உங்கள் பெயர் போய்விட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

7. இன்சூரன்ஸ்.

வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி தானாகப் புதியவருக்குப் போகும். ஆனாலும் 14 நாளுக்குள் அவர் கம்பெனியில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாகப் போகாது. பெயர் மாற்றாமல் மரத்தில் மோதினால் அவருக்கு ஒரு பைசா வராது, அந்தக் கோபத்தில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது இல்லை. 50 சதவீதம் வரை சேர்த்திருப்பீர்கள். சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டியில் கழித்துக்கொள்ளலாம்.

8. டி-போர்டு வண்டிக்கு இன்னும் சில.

பெர்மிட்டை உங்கள் இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது, போக்குவரத்து அதிகாரத்தின் அனுமதி வேண்டும். ஆர்.சி. ஒருவர் பெயரிலும் பெர்மிட் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், ஆலங்குடி, கஞ்சனூர், சூரியனார்கோயில் வரை ஓட்டிவிடலாம். திருநள்ளாறு காரைக்காலில், அது புதுச்சேரி நிலம். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் எல்லையில் நிறுத்தி காகிதம் கேட்டால், பின்சீட்டில் இருக்கும் வயதான பக்தர்களை வெயிலில் இறக்கிவிட வேண்டிவரும்.

எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். கைமாற்றும் முன் பாக்கி சாலை வரி, இ-சலான் எல்லாம் கட்டிவிடுங்கள். உங்கள் ஃபாஸ்டேக் கணக்கை மூடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து டியூ எடுக்கும் ஆணையை நிறுத்தி, கொடுத்திருந்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள்.

9. தள்ளாடும்போதே போங்கள், விழுந்த பிறகு போகாதீர்கள்.

எல்லோரும் செய்யும் தவறு இது. முதல் டியூ தவறும்போது வெட்கம், இரண்டாவது தவறும்போது கடன் வாங்கிக் கட்டுவது, மூன்றாவதில் போனை எடுக்காமல் இருப்பது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு எந்த ஃபைனான்ஸும் டிரான்ஸ்ஃபர் பேசாது. வண்டியை சீஸ் பண்ணி யார்டில் போட்டால் மழையிலும் வெயிலிலும் கிடந்து ஏலத்தில் குறைந்த விலைக்குப் போகும். ஏலப் பணம் போக மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். வண்டியும் போய், கடனும் நிற்கும். அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருக்கிறது, அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த இடம் வரை போகாமல் இருப்பதே நல்லது.

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் கோயில் கதவுகள் மூடின. செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. சன்னதித் தெருவில் கார் எல்லாம் தார்ப்பாய் போர்த்தி நின்றது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை டியூவைத் தள்ளிவைக்கச் சொன்னது. அது தள்ளுபடி என்று நினைத்துப் பல பையன்கள் நிம்மதியாக இருந்தார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு மாதத்தில் எழுந்து போய்ப் பேசி வண்டியை ஒழுங்காகக் கைமாற்றிய நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்கள் இன்று வேறு வண்டி வைத்து ஓட்டுகிறார்கள்.

ஒரு தொகையைக் கட்டி "செட்டில்மென்ட்" செய்துகொள்ளச் சொன்னால், சிபிலில் "செட்டில்டு" என்றே விழும், "முடிந்தது" என்று விழாது. அடுத்த கடனுக்கு அது தடை. முடிந்தவரை முழுதாக முடித்து, கணக்கு முடிந்ததற்குக் கடிதம் வாங்குங்கள்.

10. புதியவரை நன்றாகப் பாருங்கள்.

மாமன் மகன், பங்காளி என்பதற்காகக் கொடுக்காதீர்கள். அவர் ஆறு மாத வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அது பதில்.

11. சூரிட்டி போட்டவர் வீட்டுக்கு முதலில் போங்கள்.

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வண்டியைக் கைமாற்றும்போது எல்லோரும் மறப்பது ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை. புது ஒப்பந்தம் போட்டால் புதியவர் தன் ஜாமீனைக் கொண்டுவர வேண்டும், பழையவரை விடுவித்ததற்கு எழுத்தில் கடிதம் வாங்க வேண்டும். என் சுமோவுக்குச் சூரிட்டி என் மச்சான், திருப்புறம்பியத்தில் ஒன்றரை மா நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர். நான் வண்டியைக் கொடுத்ததே அவருக்குத் தெரியாது. குறுவை நடவு நடக்கும்போது வரப்பிலேயே போய் அவரிடம் நோட்டீஸைக் கொடுத்தார்கள், நடவுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க. அதன் பிறகு நாலு வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி தன் அண்ணனைக் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்துதான் பார்த்தாள்.

கடைசி ரூபாயையும் கட்டி முடித்த அன்று, ஆபீஸில் அவர் கொடுத்திருந்த இரண்டு காசோலைகளையும், ஜாமீன் விடுதலைக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் நேராகத் திருப்புறம்பியம் போனேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ரெண்டு இலையாப் போடு" என்றார்.